தோற்பது அரசா, வெல்வது எதிரணியா? நெகிரி செம்பிலான் தேர்தல்கள், 2008–2019

தேர்தலில் அரசுகள்தாம் தோற்கின்றன, எதிர்க்கட்சிகள் வெல்வதில்லை என்பது பழைய வாதம். வாக்காளர் முடிந்துபோன ஆட்சிக்கே தீர்ப்பளிக்கிறார் என்று அமெரிக்க அறிஞர் வி. ஓ. கீ 1960-களில் எழுதியதும் இதை ஒட்டியதே. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இந்த வாதம் பாதிதான் நிற்கிறது.

2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் நடந்த, இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் பேரணிக்கு மூன்றரை மாதம் கழித்து, 2008 மார்ச் 8-இல் பொதுத்தேர்தல் வந்தது. தோட்டங்கள் கைமாறியும் துண்டாடப்பட்டும் லயங்களை விட்டு நகர ஓரங்களுக்கு வந்த தமிழர்கள் ஆளும் கூட்டணியான தேசிய முன்னணியைக் கைவிட்டனர். தெலுக் கெமாங் நாடாளுமன்றத் தொகுதியில் முன்னணியின் இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் சோதிநாதன் தோற்றார். சிரம்பானை ஒட்டிய தெமியாங் சட்டமன்றத் தொகுதி எதிர்க்கட்சியான ஜ.செ.க.விடம் போனது. மாநிலச் சட்டமன்றத்தில் எதிரணியின் பலம் 2-இலிருந்து 15 ஆனது. அரசு தோற்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஆனால் அரசு தோற்கவில்லை. 36-இல் 21 இடங்களோடு தேசிய முன்னணி ஆட்சியில் நீடித்தது. இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி இந்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அவர்களின் கோபம் ஒரு தொகுதியைச் சாய்க்கலாம், தனியே ஓர் ஆட்சியைச் சாய்க்காது. மீதமுள்ள இடங்களில் எதிரணி வேரூன்ற வேண்டியிருந்தது. 2013-இல் அது 14 இடங்களுக்கு இறங்கியது. 2018-இல் எதிரணியான நம்பிக்கைக் கூட்டணி 20 இடங்களோடு ஆட்சி அமைத்தபோது, பிலா, கிளாவாங், அம்பாங்கான் போன்ற மலாய்ப் பெரும்பான்மைத் தொகுதிகள் கைமாறியிருந்தன. அரசு நிதியமான 1எம்டிபி-யின் ஊழலும் பொருள் சேவை வரியும் முன்னணியைக் குலைத்தன என்பது சரி. ஆனால் எதிரணி முன்னாள் பிரதமர் மகாதீர் தலைமையில் ஒரே அணியாக நிற்காதிருந்தால், மும்முனைப் போட்டியில் அந்த அதிருப்தி சிதறியிருக்கும் என்பது என் கணிப்பு. 1967 சென்னை மாநிலமும் இதையே காட்டுகிறது. காங்கிரஸ் சுமார் 41 விழுக்காடு வாக்கு பெற்றும் 51 இடங்களோடு நின்றது. கூட்டணி கட்டிய தி.மு.க. 137 இடங்களைப் பிடித்தது. அரிசித் தட்டுப்பாடும் மொழிப்போரும் மட்டும் அந்தக் கணக்கைப் போடவில்லை.

ரந்தாவ் சட்டமன்றத் தொகுதி இன்னும் கூர்மையான சான்று. 2018 வேட்புமனு நாளன்று, தேர்தல் ஆணையத்தின் நுழைவுச்சீட்டு இல்லையென்று நம்பிக்கைக் கூட்டணியின் பி.கே.ஆர். கட்சி வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராம் தடுக்கப்பட்டார். முன்னணியின் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) முகமட் ஹசான் போட்டியின்றித் தேர்வானார். ஓர் அட்டை, ஒரு வாசல்: வாக்காளர் மனநிலை பற்றிய கோட்பாடு எதுவும் இங்கே பேச இடமில்லை. நீதிமன்றம் அந்தத் தேர்வைச் செல்லாதென்றது. 2019 ஏப்ரல் 13 இடைத்தேர்தலில் அதே இருவரும் மோத, முகமட் ஹசான் 4,510 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நம்பிக்கைக் கூட்டணியின் புதிய கூட்டரசின் மீது சலிப்பு வந்திருந்தது உண்மை. அதே அளவுக்கு, பதினான்கு ஆண்டு மந்திரி பெசாராக இருந்தவர் தொகுதியில் ஊன்றிய வேரும் உண்மை. முதலாவதை மட்டும் சொல்வது அரைக்கணக்கு.

அதிருப்தி வாக்காளரைப் பழைய கட்சியிலிருந்து விடுவிக்கிறது. அவரை எங்கே சேர்ப்பது என்பதை எதிரணியின் தொகுதி உடன்பாடும் வேட்பாளரும் முடிவுசெய்கின்றன. 2008-இல் இந்தியர்களே ஆட்சியை உலுக்கினார்கள் என்று எழுதுவோர், நெகிரி செம்பிலானில் அன்று ஆட்சி மாறவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.