வீடியோ கேம் உரிம ஒப்பந்தங்களுக்கு எதிர்ப்பு

ஒரு வீடியோ கேமை நிறுவும்போது திரையில் நீளும் உரிம ஒப்பந்தத்தையும், அதன் பெயரால் நிறுவனம் ஆட்டக்காரரின் கணினிக்குள்ளும் சொந்த விவரங்களுக்குள்ளும் நுழைவதையும் எதிர்த்து, முக்கியமாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2000-களின் நடுப்பகுதியிலிருந்து எழுந்துவரும் கிளர்ச்சிகள் இத்தலைப்பில் அடங்கும். இதற்கு அமைப்போ தலைவரோ இல்லை. ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டத்தை ஒட்டிக் கிளம்பி, சில நாள்களிலோ வாரங்களிலோ அடங்கிவிடும். எதிர்ப்புக்குப் பணிந்து நிறுவனங்கள் ஒரு நிரலையோ நிபந்தனையையோ விலக்கிக்கொண்டது பல முறை நடந்திருக்கிறது. ஒப்பந்த வாசகத்தைத் திருத்தியது சில முறைதான்.

முன்வரலாறு

பெட்டியில் விற்ற மென்பொருளோடு உரிமத் தாளையும் வைத்து, மேலுறையைப் பிரித்தாலே சம்மதம் என்று கொள்ளும் வழக்கம் 1980-களிலேயே இருந்தது. அது செல்லுமா என்பதில் அமெரிக்க நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. 1991-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் பெட்டியின் மேல் அச்சிட்ட நிபந்தனை கட்டுப்படுத்தாது என்றது. 1996-இல் புரோசிடி எதிர் சைடன்பர்க் வழக்கில் நீதிபதி ஃபிராங்க் ஈஸ்டர்புரூக், படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தர வழி இருந்ததால் அத்தகைய உரிமம் செல்லும் என்று தீர்ப்பளித்தார். வழக்குக்குரிய பொருள் ஆட்டம் அல்ல, குறுந்தகட்டில் விற்ற தொலைபேசி எண் தொகுப்பு. பின்னாளில் ஆட்டங்களோடு வந்த ஒப்பந்தங்கள் பலவும் இந்தத் தீர்ப்பின் நிழலில் நின்றவையே.

வார்டன் விவகாரம், 2005

இவ்வரலாற்றில் மிக விரிவாகப் பதிவாகியிருப்பது 2005 இறுதியின் சில வாரங்கள். பிளிசார்டு நிறுவனத்தின் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வெளியாகி, ஓராண்டுக்குள் சுமார் 45 லட்சம் சந்தாதாரர்களைப் பெற்றிருந்தது. ஆளில்லாமல் தானே ஆடும் நிரல்களையும் வேறு ஏமாற்று நிரல்களையும் பிடிக்க, ஆட்டத்தோடு சேர்ந்து ஓடும் ஒரு காவல் நிரலைப் பிளிசார்டு பயன்படுத்தியது. அதன் பெயர் வார்டன்.

கிரெக் ஹோக்லண்ட் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர். தீய நிரல்கள் விண்டோஸுக்குள் எப்படி ஒளிந்துகொள்கின்றன என்பது பற்றி அதே ஆண்டில் வெளியான நூலின் ஆசிரியர்களுள் ஒருவர். அவர் வார்டனைப் பிரித்து ஆராய்ந்து, 2005 அக்டோபரில் தாம் கண்டதை வெளியிட்டார். வார்டன் சில நொடிகளுக்கு ஒருமுறை விழித்து, அந்த நேரத்தில் கணினியில் திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலின் தலைப்புப் பட்டையிலும் உள்ள எழுத்துகளைப் படித்தது. ஆட்டத்துக்குத் தொடர்பே இல்லாத ஜன்னல்களும், சுருக்கிக் கீழே தள்ளி வைத்தவையும் அதற்குத் தப்பவில்லை. தலைப்புப் பட்டை என்பது நாம் கவனிக்காமலே கடந்துபோகும் ஒரு சிறு வரி. ஆனால் உலாவியில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எந்தக் கோப்பு திருத்தப்படுகிறது என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். தாம் அரட்டையடித்துக்கொண்டிருந்த நண்பர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் வார்டன் அவ்வாறு படித்ததை ஹோக்லண்ட் கண்டார். ஓடிக்கொண்டிருக்கும் பிற நிரல்களின் நினைவகத்தையும் அது திறந்து பார்த்தது.

படித்ததை வார்டன் என்ன செய்தது என்பதுதான் சர்ச்சையின் மையம். எழுத்துகளை அது கணித முறையில் ஓர் எண்ணாகச் சுருக்கி, தடைசெய்யப்பட்ட நிரல்களின் பட்டியலோடு ஒப்பிட்டது. பொருந்தினால் மட்டுமே செய்தி போகும், சொந்த விவரம் எதையும் திரட்டுவதில்லை என்பது பிளிசார்டின் நிலை. மின்னிலக்க உரிமைகளுக்காக வாதாடும் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் இதை ஏற்கவில்லை. எதை எடுத்துச் செல்கிறது என்பது ஒருபுறம் இருக்க, பார்ப்பதே அத்துமீறல். அதனால் இது உளவு மென்பொருள்தான் என்று அது வாதிட்டது. உளவு மென்பொருள் என்ற சொல்லின் வரையறையைப் பொறுத்தே இரு தரப்பின் வாதமும் நிற்பதால், இக்கேள்விக்கு எல்லோரும் ஏற்ற விடை உருவாகவில்லை. ஆட்டக்காரர்களும் ஒரே அணியில் இல்லை. மாதச் சந்தா கட்டி நேர்மையாக ஆடியவர்களில் பலர், ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க இது தேவை என்று வார்டன் பக்கம் நின்றார்கள்.

இதில் பலரை உறுத்தியது மற்றொன்று. கணினியின் நினைவகத்தையும் ஓடும் நிரல்களையும் கண்காணிக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே, அதுவும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. லட்சக்கணக்கானோர் அதற்குச் சம்மதம் தந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. ஒளிவுமறைவு இல்லை என்று நிறுவனம் சொன்னது சரியே. ஆனாலும் படிக்கப்படாத ஒரு பக்கத்தில் வெளிப்படையாக இருப்பது எந்த அளவுக்கு வெளிப்படை என்ற கேள்வி அன்று முதல்முறையாகப் பெரிய அளவில் எழுந்தது. ஹோக்லண்ட் கண்டனத்தோடு நிற்கவில்லை. வார்டன் எதையெல்லாம் தொடுகிறது என்பதை ஆட்டக்காரரே பார்க்கும்படி ‘தி கவர்னர்’ என்ற சிறு நிரலை எழுதித் தந்தார். காவலருக்கும் ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அதே அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற மென்பொருள் வல்லுநர், சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைக் குறுந்தகடுகள் கணினியில் ஓர் ஒளிவு நிரலைப் பதிப்பதை அம்பலப்படுத்தினார். இரு டாலர் குறிகளுக்கு நடுவே மூன்று எழுத்துகளைக் கொண்டு பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் அந்நிரல் விண்டோஸின் கண்ணிலிருந்தே மறைத்துவிடும். தகட்டின் உரிம ஒப்பந்தத்தில் இந்த மறைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சில நாள்களுக்குள் வார்கிராஃப்ட் ஏமாற்றுக்காரர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கினர். சோனியின் தகட்டை ஒருமுறை கணினியில் போட்டு, ஏமாற்று நிரலின் பெயருக்கு முன் அந்த ஐந்து குறிகளைச் சேர்த்துவிட்டால், வார்டனுக்கு அது தெரியாமல் போயிற்று. சொன்னபடி உளவு பார்த்த ஒரு நிரலை, சொல்லாமல் ஒளிந்த ஒரு நிரல் குருடாக்கியது. நடுவில் கிடந்தது ஆட்டக்காரரின் கணினி. சோனி நவம்பரிலேயே அத்தகடுகளைத் திரும்பப் பெற்றது. வார்டன் தொடர்ந்தது.

நகல் தடுப்பு நிரல்கள்

திருட்டு நகலைத் தடுக்க இயங்குதளத்தின் அடியாழத்தில் டிரைவர்களைப் பதித்த ரஷ்ய ஸ்டார்ஃபோர்ஸ் நிரலுக்கு எதிராகப் புறக்கணிப்பும் வழக்கும் எழுந்தன. 2006 ஏப்ரலில் ஆட்ட வெளியீட்டு நிறுவனமான யுபிசாஃப்ட் அதைக் கைவிட்டது. ஸ்டார்ஃபோர்ஸ் தகட்டு இயக்கியைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டை அதன் தயாரிப்பாளர்கள் மறுத்தனர். 2008 செப்டம்பரில் வெளியான ஸ்போர் ஆட்டத்தை மூன்று கணினிகளில் மட்டுமே செயல்படுத்தலாம் என்ற வரம்புக்கு எதிராக, அமேசானில் சில நாள்களில் 2,000-க்கும் மேற்பட்ட ஒரு நட்சத்திர மதிப்பீடுகள் குவிந்தன. ஆட்டத்தை வெளியிட்ட எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வரம்பை ஐந்தாக்கியது. மதிப்பீட்டு நட்சத்திரத்தையே ஆயுதமாக்கும் வழி இங்கிருந்து பரவியது என்று கருதுவோர் உண்டு.

ஆன்மா நிபந்தனை

2010 ஏப்ரல் 1 அன்று பிரிட்டனின் கேம்ஸ்டேஷன் என்ற விற்பனை நிறுவனம் தன் இணையக் கடையின் விதிமுறைகளில் ஒரு பத்தியைச் சேர்த்தது. இன்று பொருள் வாங்குவோர் தம் அழிவற்ற ஆன்மாவின் மேல் நிறுவனத்துக்கு உரிமை தருகிறார்கள் என்றது அந்தப் பத்தி. விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ள ஒரு கட்டமும் பக்கத்திலேயே இருந்தது. அதைச் சொடுக்கியவருக்கு 5 பவுண்டு பரிசுச் சீட்டு கிடைத்தது. ஏறத்தாழ 7,500 பேர் சம்மதித்துக் கடந்து போனார்கள். சுமார் 12 விழுக்காட்டினரே விலகினர். ஆன்மாக்கள் எதையும் கோரப்போவதில்லை என்று நிறுவனம் பின்னர் அறிவித்தது. முட்டாள்கள் தின விளையாட்டாகத் தொடங்கியதே ஆயினும், விதிமுறையை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதற்கு இத்தனை தெளிவான சான்று கிடைப்பது அரிது. படித்தவர்களுக்குக் கிடைத்த அந்த 5 பவுண்டும் மறக்கத் தக்கதல்ல.

உண்மைப் பெயர் விவகாரம்

2010 ஜூலை 6 அன்று பிளிசார்டு, தன் கருத்துக்களங்களில் எழுதுவோர் இனிப் புனைபெயருக்குப் பதில் உண்மைப் பெயரோடு தோன்றுவர் என்று அறிவித்தது. வம்பர்களை அடக்குவது நோக்கம் என்றது. இதில் ஆபத்து இல்லை என்று காட்ட ஊழியர் ஒருவர் தம் பெயரை வெளியிட்டார். சற்று நேரத்துக்குள் அவருடைய வீட்டு முகவரி, தொலைபேசி எண், குடும்ப விவரங்கள் எல்லாம் தேடியெடுக்கப்பட்டுப் பொதுவில் வந்தன. எதிர்ப்பாளர்கள் சொல்லவந்தது முழுவதையும் அந்த ஒரு நிகழ்ச்சி சொல்லிவிட்டது. பெண் ஆட்டக்காரர்கள், துன்புறுத்தலிலிருந்து தப்பி வாழ்வோர், ஆடுவது வேலை தருபவருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்போர் எனப் பலரும் எழுதினர். பதில்கள் பல்லாயிரத்தைத் தாண்டின. மூன்றாம் நாள், ஜூலை 9, நிறுவனத்தின் தலைவர் மைக் மோர்ஹைம் திட்டத்தைக் கைவிட்டார்.

இதே விவகாரத்தில், ஆட்டங்களுக்கு வயதுத் தரம் வழங்கும் அமெரிக்க வாரியத்திடம் தனியுரிமை குறித்து முறையிட்டவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்களுக்கு வாரியம் அனுப்பிய பதிலில் எல்லோருடைய மின்னஞ்சல் முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி வெளிப்பட்டுவிட்டது. வாரியம் மன்னிப்புக் கேட்டது.

ஆரிஜின், 2011

எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2011 ஜூனில் ஆரிஜின் என்ற தன் விற்பனைத் தளத்தைத் தொடங்கியது. அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்ட் 3-ஐக் கணினியில் ஆட அது கட்டாயம். கணினியில் உள்ள மென்பொருள், வன்பொருள், அவற்றின் பயன்பாடு பற்றிய விவரங்களைத் திரட்ட ஒப்பந்தம் இடம் தந்தது. ஜெர்மனியில் இது பெரும் கொந்தளிப்பாயிற்று. ஆட்டத்துக்குத் தொடர்பில்லாத கோப்புறைகளை ஆரிஜின் தொடுவதைக் காட்டும் பதிவுகளை ஆட்டக்காரர்கள் வெளியிட்டனர். அமேசானின் ஜெர்மன் பக்கத்தில் ஒரு நட்சத்திர மதிப்பீடுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. ஆரிஜின் உளவு மென்பொருள் அல்ல என்று மறுத்த நிறுவனம், ஒப்பந்த வாசகத்தைத் திருத்தியது. வாசகமே மாறிய அரிய நிகழ்வுகளில் இது ஒன்று. முன்கூட்டியே அச்சிட்ட நிபந்தனைகளில் வாங்குபவர் எதிர்பார்க்க முடியாதவை செல்லாது என்று ஜெர்மன் உரிமையியல் சட்டத்தில் தெளிவான விதி இருப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

2013 முதல் 2020 வரை

மைக்ரோசாஃப்ட் 2013 மேயில் அறிமுகப்படுத்திய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுக்குக் கினெக்ட் கேமராவும் ஒலிவாங்கியும் எப்போதும் இணைந்திருக்க வேண்டும் என்றிருந்தது. அதை ஜெர்மனியின் கூட்டாட்சித் தரவுப் பாதுகாப்பு ஆணையர் பீட்டர் ஷார் கண்டித்தார். அமெரிக்க உளவு நிறுவனங்களைப் பற்றிய ஸ்னோடன் ஆவணங்கள் ஜூனில் வெளியானது அச்சத்தைக் கூட்டியது. ஆகஸ்டில் அக்கட்டாயம் நீங்கியது. 2018 மேயில் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்த அடுத்த மாதமே, விளம்பரம் பார்த்தவர்தான் ஆட்டம் வாங்கினாரா என்று கண்டறியும் ‘ரெட் ஷெல்’ நிரல் பல ஆட்டங்களில் இருப்பதை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தனர். பல நிறுவனங்கள் அதை நீக்கின.

2020-இல் சர்ச்சை மீண்டும் ஏமாற்றுத் தடுப்புக்குத் திரும்பியது. ரயட் நிறுவனத்தின் வாலரன்ட் ஆட்டத்தோடு வந்த வேன்கார்டு, ஆட்டத்தைத் திறக்காவிட்டாலும் கணினி உயிர்பெறும்போதே இயங்குதளத்தின் கருவான கெர்னல் மட்டத்தில் விழித்துக்கொண்டது. எதிர்ப்புக்குப் பின் அதை நிறுத்திவைக்க எளிய வழி தரப்பட்டது, முறை மாறவில்லை. டூம் எடர்னல் ஆட்டத்தில் மே மாதம் புகுத்திய அத்தகைய நிரலை விலக்குவதாக ஒரு வாரத்துக்குள் அறிவிக்கப்பட்டது. கென்ஷின் இம்பாக்ட்டின் டிரைவர் ஆட்டத்தை மூடிய பின்னும் ஓடியது வெளிப்பட்டதும் நிறுவனம் அதைச் சரிசெய்தது. ஆயினும் அந்த டிரைவரைக் கொண்டே வைரஸ் தடுப்பு மென்பொருளை முடக்கிப் பணயத் தாக்குதல் நடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2022-இல் பதிவுசெய்தனர். ‘நிறுவனம் நல்லதுதான், ஆனால் அந்தக் கதவு?’ என்று 2005 முதல் கேட்டுவந்தவர்களின் அச்சம் வெறும் கற்பனை அல்ல என்று இதனால் தெரியவந்தது.

அண்மைக் காலம்

குழந்தைகளின் தனியுரிமைச் சட்டத்தை மீறியதாகக் கூறப்பட்ட வழக்கில் எபிக் கேம்ஸ் 2022 டிசம்பரில் அமெரிக்க வணிக ஆணையத்துடனான உடன்பாட்டில் 27.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தோரின் நடத்தையைக் கண்காணிப்பதைத் தடுக்க வகைசெய்கிறது. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 ஆட்டக்காரர்கள் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்ற அறிவிப்பை, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை மதிப்பீடுகளுக்குப் பின் சோனி சில நாள்களில் திரும்பப் பெற்றது. 2025 மேயில், டேக்-டூ நிறுவனத்தின் திருத்திய விதிமுறைகளுக்கு எதிராக, அதன் பார்டர்லேண்ட்ஸ் 2 ஆட்டத்தின் மேல் எதிர்மறை மதிப்பீடுகள் விழுந்தன. தம் ஆட்டங்களில் உளவு மென்பொருள் இல்லை என்று நிறுவனம் விளக்கியது.

அதற்கு முந்தைய மாதம் வியன்னாவைச் சேர்ந்த நொய்ப் என்ற தனியுரிமை அமைப்பு ஆஸ்திரியத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் யுபிசாஃப்டுக்கு எதிராக முறையிட்டது. முறையீட்டுக்குரிய ஆட்டம் ஃபார் க்ரை பிரைமல், கி.மு. 10,000-இல் நடக்கும் கதை, தனியாளாக ஆடுவது, இணையவழி அம்சம் எதுவும் இல்லாதது. அதை வாங்கிய ஒருவர் தம் கணினியின் இணையப் போக்குவரத்தைக் கவனித்தார். பத்து நிமிடத்தில் அந்த ஆட்டம் 150 முறை வெளிச் சர்வர்களைத் தொடர்புகொண்டிருந்தது.