சொல்லும் பொருளும்: ‘டொன் குயிக்சொட்’ ஆங்கிலம் புகுந்த வரலாறு

வழிநூலின் வகைகளைக் கூறப் புகுந்த தொல்காப்பியர், தொகுத்தல், விரித்தல், தொகைவிரி என்பவற்றோடு மொழிபெயர்ப்பையும் கூட்டி நான்காக வைத்தார். பிறமொழி நூலைத் தன்மொழியில் ஆக்குதல் நூல் செய்தலின் பாற்பட்டதென முன்னோர் எண்ணியமை இதனாற் புலனாகும். இத்தொழிலில் ஒருவரை இடர்ப்படுத்துவன அறியாச் சொற்களே எனப் பலரும் கருதுவர். அறியாச் சொல்லுக்கு அகராதி உண்டு. அறிந்தவை போலத் தோன்றும் சொற்களே உண்மையில் ஏமாற்றுவன. ஸ்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரு பெருநூல் சென்ற வரலாறு இதனை நன்கு விளக்கும்.

ஸ்பானியம் இலத்தீனத்தின் நேர்வழியில் வந்த மொழி. ஆங்கிலமோ ஜேர்மானியக் குடும்பத்தது. ஆயினும், 1066 ஆம் ஆண்டில் நோமானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர்ப் பிரெஞ்சு வாயிலாகவும், கற்றோர் வழக்கு வாயிலாகவும் எண்ணிறந்த இலத்தீன் சொற்களை அது ஏற்றுக்கொண்டது. ஆகவே, ஒரே வேரிற் பிறந்த சொற்கள் இரு நாடுகளிலும் உருவத்தால் ஒத்தும் பொருளால் வேறுபட்டும் வழங்கலாயின.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விரு நாடுகளும் பகைமை பூண்டிருந்தன. பகைவன் மொழியை அறிதல் அரசியலுக்கு வேண்டியதாயிற்று. 1588 இல் ஸ்பானியப் பெருங்கடற்படை இங்கிலாந்தின் மீது வந்தபோது, தொன் பேத்ரோ தெ வால்தேஸ் என்னும் தலைவர் டிறேக்கின் கையிற் சிறைப்பட்டார். 1591 இல் றிச்சட் பேர்சிவல் ஸ்பானிய இலக்கணமும் அகராதியும் அடங்கிய நூலொன்றை இலண்டனில் வெளியிட்டபோது, சிறையிலிருந்த அவரது துணையையும் பெற்றார். அவ்வகராதியை ஜோன் மின்ஷ்யூ 1599 இல் விரித்து வெளியிட்டார். போரில் விளைந்த பகை, சொற்களஞ்சியத்துக்கு இவ்வாறு உதவிற்று.

இந்நிலையில், 1605 இல் மிகெல் தெ செர்வாந்தேஸ் இயற்றிய ‘டொன் குயிக்சொட்’ என்னும் நூலின் முதற்பாகம் மத்ரித் நகரில் வெளிவந்தது. அதனை முதன்முதல் ஆங்கிலத்தில் ஆக்கியவர் தோமஸ் ஷெல்டன். அவரது மொழிபெயர்ப்பு 1612 இல் வெளிவந்தது. நாற்பது நாள்களில் அதனைச் செய்து முடித்ததாக அவரே கூறியுள்ளார். நடை உயிருள்ளது; காலமும் மூலநூலின் காலமே. ஆயினும், ஒத்த உருவமுடைய சொற்கள் அவரை அடிக்கடி மயக்கின. ‘சுசேசோ’ என்னும் ஸ்பானியச் சொல் ‘நிகழ்ச்சி’ எனப் பொருள்படும். அவர் அதனை வேண்டுமிடமெல்லாம் ‘சக்சஸ்’ என்றே பெயர்த்தார். வெற்றியைக் குறிக்க ஸ்பானியர் இன்று வழங்குவது ‘எக்சித்தோ’ என்பது. அதுவோ, வெளியேறும் வழியைக் குறிக்கும் ‘எக்சிற்’ என்னும் ஆங்கிலச் சொல்லோடு ஓரினமானது.

எனினும், ஷெல்டன் மீது முழுப் பழியையும் சுமத்துதல் நேர்மையன்று. அவர் காலத்து ஆங்கிலத்தில் ‘சக்சஸ்’ என்பது நன்மை தீமை என்னும் இரண்டுக்கும் பொதுவாய், ‘விளைவு’ என்ற பொருளிலும் வழங்கிற்று. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ தமிழில் இழிபொருள் எய்தியது போல, அச்சொல் பிற்காலத்தில் உயர்பொருள் எய்தி வெற்றியைக் குறிப்பதாயிற்று. மொழிபெயர்ப்பாளன் எழுதிய சொல் ஏட்டில் அசையாது நிற்க, அதன் பொருள் மட்டும் நகர்ந்துவிடுதல் உண்டு.

நூலின் தலைப்பிலேயே இவ்வுண்மையைக் காணலாம். செர்வாந்தேஸ் தம் தலைவனை ‘இன்ஹெனியோசோ இதால்கோ’ என்றார். முதற்சொல் ‘இன்ஹெனியோ’ என்பதன் அடியாகப் பிறந்தது. இயற்கை அறிவு, கற்பனையாற்றல், மனத்தின் வார்ப்பு ஆகிய பலவற்றையும் அது குறிக்கும். வைத்தியராகிய உவார்த்தே 1575 இல் வெளியிட்ட நூலொன்று, உடலின் வெம்மை, வறட்சி முதலியவற்றுக்கேற்ப இவ்வாற்றல் மாறுபடுமென விளக்கிற்று. உறக்கமின்றிக் கதைகளைப் படித்து மூளை வறண்டவனாகச் செர்வாந்தேஸ் தம் தலைவனைக் காட்டுவது இக்கொள்கையோடு இயைந்ததென ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். ஷெல்டன் அதனை ‘விற்றி’ என்றார். அக்காலத்தில் அது ‘அறிவுடைய’ எனப் பொருள்பட்டது. பின்னர் நகைச்சுவையாகப் பேசுவோனையே குறிக்கலாயிற்று. 1885 இல் ஜோன் ஓம்ஸ்பி ‘இன்ஜீனியஸ்’ என்றார். உருவத்தில் மூலத்துக்கு மிக அண்மையது அச்சொல். ஆயினும், புதியன புனையும் கூர்மதியையே இன்று அது சுட்டும். அறிவும் பித்தும் ஒருங்கே குடிகொண்ட மூலச்சொல்லுக்கு இரண்டுமே ஈடாகவில்லை.

இரண்டாஞ் சொல்லாகிய ‘இதால்கோ’ இதனினும் அரியது. ‘ஏதோ ஒன்றுடையவனின் மகன்’ என்னும் தொடர் குறுகி அமைந்த இச்சொல், வரிவிலக்குப் பெற்ற கீழ்நிலை உயர்குடியினரைக் குறித்தது. அவருட் பலர் குலப்பெருமை மிக்கும் பொருள்வளம் குன்றியும் வாழ்ந்தனர். அத்தகையோன் ‘தொன்’ என்னும் பட்டத்தைத் தானே சூடிக்கொண்டு வீரனாகப் புறப்படுவதே கதையின் நகை. ஷெல்டனோ தலைப்பிலேயே அவனை நாடு சுற்றும் வீரன் என்று குறித்துவிட்டார். 1615 இல் இரண்டாம் பாகத்தை வெளியிட்ட செர்வாந்தேஸ், ‘இதால்கோ’ என்பதை நீக்கிக் ‘கபாயேரோ’, அஃதாவது வீரன், என்று மாற்றினார். பத்தாண்டிற் கதைத்தலைவன் பெற்ற அப்பதவியுயர்வு ஆங்கிலத் தலைப்பிற் புலப்படாது மறைந்தது. ஒரு சொல்லை இழந்தமையால் ஒரு குறும்பு முழுதும் இழக்கப்பட்டது.

முதலதிகாரத்திலே தலைவன் சனிக்கிழமை உண்ணும் உணவின் பெயர் ‘துவேலோஸ் இ கெப்ராந்தோஸ்’. நேர்ப்பொருள் ‘துயரங்களும் முறிவுகளும்’. சனிக்கிழமையிற் புலால் தவிர்த்தல் காஸ்தீலிய நாட்டு வழக்கம். எனினும், தலை, கால், குடல் முதலியவற்றை உண்ண இடமிருந்தது. முட்டையோடு பன்றியிறைச்சியோ மூளையோ சேர்ந்த உணவே இஃதென்பர் பலர். ஷெல்டன் இறைச்சித் துண்டும் முட்டையும் என்றார். அடுத்த நூற்றாண்டின் மொற்றோ ‘துக்கங்களும் முனகல்களும்’ என்றார். 1755 இல் ஸ்மொலற் வயிற்றுக் கடுப்பையும் முணுமுணுப்பையும் தட்டில் வைத்தார். ஓம்ஸ்பி ‘துண்டு துணுக்குகள்’ என்றமைந்தார். 2003 இல் ஈடித் குரோஸ்மன் ‘முட்டையும் நோன்பும்’ என்றார். பொருளைக் காத்தோர் நகையை இழந்தனர். நகையைக் காத்தோர் உணவை இழந்தனர். குரோஸ்மன் உணவை ஒரு சொல்லாலும் வழக்கத்தை மற்றொரு சொல்லாலும் காக்க முயன்றமை போற்றத்தக்கது.

செர்வாந்தேஸ் இவ்விடர்களை அறியாதவரல்லர். தம் கதை அரபு மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டதென்றே அவர் புனைந்தார். தொலேதோ நகரில் அதனைப் பெயர்த்த மொறிஸ்கோவுக்குக் கூலியாக இரண்டு அரோபா உலர்ந்த திராட்சையும் இரண்டு பனேகா கோதுமையும் கொடுக்கப்பட்டனவாம். இரண்டாம் பாகத்திலே பார்சலோனா அச்சகத்தில் நிற்கும் தலைவன், மொழிபெயர்ப்பைப் படித்தல் சித்திரக் கம்பளத்தின் பின்புறத்தைக் காண்பதற்கு ஒப்பென்கிறான். உருவங்கள் தெரியும், நூல்முடிச்சுகள் அவற்றை மங்கச் செய்யும்.

அவ்வுவமை பொய்யன்று. ஆயினும், முன்புறத்தைக் காணும் வாய்ப்பில்லாதோர்க்குப் பின்புறமும் பெரும்பேறே. ஷெல்டனுக்குப் பின் நான்கு நூற்றாண்டுகளாக ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இந்நூலை மீண்டும் மீண்டும் பெயர்த்து வந்தமைக்கு முன்னையோரின் அறியாமை மட்டும் காரணமன்று. மூலநூலின் சொற்கள் நிலைபெற்றிருக்க, அவற்றுக்கு ஈடாக வைத்த சொற்கள் காலந்தோறும் பொருள் மாறின. ஆதலின், மொழிபெயர்ப்பாளன் அகராதியை மட்டுமன்று, அச்சொல்லை வழங்கிய மக்களின் உணவையும் நோன்பையும் குலப்பெருமையையும் வறுமையையும் கற்றல் வேண்டும். நன்கு தெரிந்ததெனத் தோன்றும் சொல்லின் முன்னே சற்று நின்று ஐயுறுதல் அவனுக்கு வேண்டிய முதற் பண்பாகும்.