கோழிச் சண்டையில் சிக்கிய வேன்

1960களின் தொடக்கம். மேற்கு ஜெர்மனியின் கடைகளில் அமெரிக்கக் கோழி சல்லிசாகக் கிடைத்தது. ஆர்கன்சா, ஜார்ஜியா பக்கத்துப் பெரும் பண்ணைகளில் வளர்த்து, ஐஸில் உறையவைத்துக் கப்பலேற்றிய கோழி அது. அந்த விலைக்கு விற்க உள்ளூர்ப் பண்ணைக்காரர்களால் முடியவில்லை. 1962-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தை கோழி இறக்குமதிக்கு வரியைக் கூட்டியது. அமெரிக்கக் கோழி வியாபாரம் படுத்துவிட்டது.

விவகாரம் கோழிப் பண்ணையோடு நிற்கவில்லை. ஆர்கன்சா செனட்டர் ஃபுல்பிரைட், நேட்டோ ராணுவக் கூட்டணி பற்றிய விவாதத்திலும் கோழிப் பிரச்னையைக் கிளப்பினார். அதிபர் கென்னடிக்கும் தனக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தில் ஏறக்குறைய பாதி கோழியைப் பற்றியதுதான் என்றார் ஜெர்மன் தலைவர் அடினாவர். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது!

பஞ்சாயத்து, உலக வர்த்தகத்துக்கான 'காட்' அமைப்புக்குப் போனது. நஷ்டம் 4.6 கோடி டாலர் என்றது அமெரிக்கா, 1.9 கோடிதான் என்றது ஐரோப்பா. 2.6 கோடி என்று தீர்ப்பானது. அந்தத் தொகைக்குப் பதிலடி கொடுக்க அமெரிக்காவுக்கு வழி பிறந்தது. கென்னடி சுடப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், 1963 டிசம்பர் 4 அன்று புதிய அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி ஆகியவற்றோடு இலகு ரக லாரிகளுக்கும் வரி விழுந்தது. லாரிக்கு 25 சதவீதம்!

கோழிக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம்? ஃபோக்ஸ்வாகன் வேன்கள் அப்போது அமெரிக்காவில் நன்றாக விற்றன. அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கம் அதனால் எரிச்சலில் இருந்தது. அடுத்த ஆண்டோ தேர்தல். 'காட்' விதிப்படி வரி எல்லா நாட்டுக்கும் பொது. ஆனால், குறி ஜெர்மனி. அடி வாங்கிய ஃபோக்ஸ்வாகன் பின்வாங்கியது. சண்டையில் இல்லாத ஜப்பானும் பின்னாளில் அதே வரியில் மாட்டியது.

கம்பெனிகள் சந்து தேடின. ஜப்பானியர்கள் பின்தொட்டி இல்லாமல் லாரியை இறக்கி, குறைந்த வரி கட்டி, தொட்டியை அமெரிக்காவில் பொருத்தினார்கள். 1980-ல் அந்த வழி அடைபட்டது. சுபாரு கம்பெனி, 'பிராட்' வண்டியின் திறந்த தொட்டியிலேயே இரண்டு இருக்கைகளைப் பூட்டி, 'இது பயணிகள் வாகனம்' என்றது. பின்னாளில் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனியே துருக்கியிலிருந்து சரக்கு வேன்களைப் பின் இருக்கை, ஜன்னலோடு கொண்டுவந்து, பயணிகள் வாகனத்துக்கான 2.5 சதவீத வரி கட்டி, பால்டிமோர் துறைமுகத்தில் இருக்கைகளைக் கழற்றியது. சுங்கத்துறை விடவில்லை. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2024-ல் 36.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது ஃபோர்டு. கோழிச் சண்டையின் மொத்த நஷ்டத்தைப் போல இது 14 மடங்கு!

பிராந்திக்கும் ஸ்டார்ச்சுக்கும் போட்ட வரிகள் பின்னாளில் விலகின. லாரி வரி விலகவில்லை. வெளியார் போட்டி குறைந்த பிக்கப் லாரிச் சந்தை டெட்ராய்ட் கார் கம்பெனிகளுக்குக் கொழுத்த லாபம் தந்தது; லாபம் பார்த்தவர்கள் வரிக்குக் காவல் நின்றார்கள். கோபத்தில் வரி போட ஒரு கையெழுத்து போதும். அதை எடுக்க, அதனால் பிழைப்பவர்களின் சம்மதம் வேண்டும்.

(தொடரும்)