மெதுவான கம்ப்யூட்டரும் வைரஸ் பயமும்: ஒரு சின்ன வரலாறு

காஸ்ட் அக்கவுண்டிங் அசைன்மெண்ட் பாதியில் நிற்கிறது. இருந்தாலும் இதை எழுதிவிட்டுத்தான் அதைத் தொடப்போகிறேன். காரணம், மனசு ஆறவில்லை.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அப்பாவின் மளிகைக் கடைக் கணக்குக்காக வாங்கியது. சில மாதங்களாக அது ஆமை. ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காபி குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால்கூட டெஸ்க்டாப் முழுதாக வந்திருக்காது. மாமா பார்த்தார்: "வைரஸ்." எதிர் வீட்டு அண்ணன் பார்த்தார்: "வைரஸ்தான்." அம்மாகூட, "நீ கண்டதையும் டவுன்லோடு பண்றே இல்ல, அதான் வைரஸ்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கேயும் அதே வார்த்தை. "ஃபார்மேட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்." 'டி' டிரைவைத் தொடவேண்டாம், அதில் அப்பாவின் கணக்கு இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னேன். திரும்பி வந்தபோது இரண்டு டிரைவுமே காலி. இரண்டு வருஷத்து பாக்கிக் கணக்கு போயிற்று. யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று அப்பா வாடிக்கையாளர்களிடமே கேட்டு, ஒரு நோட்டில் மறுபடியும் எழுத ஆரம்பித்தார். பெரும்பாலோர் உண்மையைச் சொன்னார்கள். சிலர் "எனக்கு பாக்கியே இல்லையே அண்ணாச்சி" என்றார்கள்.

கூத்து என்னவென்றால், இரண்டே வாரத்தில் கம்ப்யூட்டர் மறுபடியும் ஆமை. கடைசியில் தெரிந்தது, ஹார்ட் டிஸ்க் தேய்ந்துபோய் செத்துக்கொண்டிருந்தது. படிக்க முடியாத இடத்தை அது திரும்பத் திரும்பப் படிக்க முயற்சி செய்ததுதான் அந்தத் தாமதம். வைரஸ் இல்லவே இல்லை. எங்கள் கணக்கை அழித்தது வைரஸ் அல்ல, வைரஸ் என்ற பயம்.

அன்றிலிருந்து ஒரே கேள்வி மண்டையைக் குடைந்தது. "மெதுவாக ஓடினால் வைரஸ்" என்று நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது யார்? தேடிப் படித்ததில் கிடைத்த கதை இது.

விலாசம் போட்டு வந்த வைரஸ்

ஐபிஎம் வகை பர்சனல் கம்ப்யூட்டர்களில் உலகம் முழுக்கப் பரவிய முதல் வைரஸ் நம் பக்கத்து நாட்டில் பிறந்தது. 1986, பாகிஸ்தானின் லாகூர். பாசித், அம்ஜத் என்ற இரண்டு சகோதரர்கள் எழுதியது. பெயர் 'பிரெய்ன்'. அவர்கள் எழுதி விற்ற மருத்துவ மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களைப் பிடிக்கத்தான் இதைச் செய்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

இதில் ரசிக்கவேண்டிய விஷயம், வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை விலாசம், போன் நம்பர் எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். திருட வருகிறவன் விசிட்டிங் கார்டு கொடுப்பானா? :-) 2011-ல், அதாவது 25 வருஷம் கழித்து, பின்லாந்தைச் சேர்ந்த மிக்கோ ஹிப்போனென் என்ற வைரஸ் ஆய்வாளர் அந்த விலாசத்தைத் தேடிப்போனார். அதே இடத்தில் அதே சகோதரர்கள் இருந்தார்கள்!

பிரெய்ன் பெரிதாக எதையும் அழிக்கவில்லை. பிளாப்பியின் ஆரம்பப் பகுதியில் உட்கார்ந்துகொண்டு, பிளாப்பியின் பெயரை மாற்றும், டிரைவின் வேகத்தைக் குறைக்கும். கவனியுங்கள், முதல் அடியிலேயே 'மெதுவாவது' வந்துவிட்டது.

ஏழில் ஒன்று

ஆனால் 'மெதுவானால் வைரஸ்' என்பதை உலகத்துக்கே அழுத்தமாகச் சொன்ன நாள் 1988 நவம்பர் 2. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ், நம் வயதுக்காரர்தான், நெட்வொர்க்கில் தானாகவே பரவும் ஒரு 'புழு'வை விட்டார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததும் "என் நகல் ஏற்கனவே இங்கே இருக்கிறதா?" என்று அது கேட்கும். "இருக்கிறது" என்று பதில் வந்தால் ஒரு நகல் ஒதுங்கிக்கொள்ளவேண்டும். அப்படியானால் எந்த மெஷினும் திணறாது.

இங்கேதான் மோரிஸ் அளவுக்கு மீறி யோசித்தார். நிர்வாகிகள் "இருக்கிறது" என்று பொய்ப் பதில் சொல்லும்படி மெஷினைச் செட் பண்ணிவிட்டால்? அதனால் ஏழில் ஒரு தடவை, பதில் என்னவாக இருந்தாலும் தங்கிவிடு என்று எழுதி வைத்தார். கணக்கு தப்பிவிட்டது. ஏழில் ஒன்று என்பது ரொம்ப அதிகம். ஒரே மெஷினில் நகலுக்கு மேல் நகல் குவிந்து, கடைசியில் எதுவுமே ஓடமுடியாமல் நின்றது. அப்போது இணையத்தில் இருந்த சுமார் 60,000 கம்ப்யூட்டர்களில் 6,000 வரை பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள்.

அந்தப் புழு ஒரு ஃபைலைக்கூட அழிக்கவில்லை. அந்த ஏழு என்ற எண் மட்டும் இன்னும் பெரிதாக இருந்திருந்தால், அது பல நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கலாம். அதாவது அன்றைக்கு கம்ப்யூட்டர்கள் மெதுவானது புழுவின் நோக்கம் அல்ல, அதை எழுதியவரின் தவறு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மோரிஸுக்கு 1990-ல் மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிற்பாடு அவர் எம்ஐடியில் பேராசிரியர் ஆனார்.

பயத்துக்கு விலை

நம்ம பாடம் காமர்ஸ் என்பதால் எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடித்தது. எங்கே பயம் இருக்கிறதோ அங்கே ஒரு மார்க்கெட் இருக்கிறது.

1989 டிசம்பரில் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்ற பெயரில் சுமார் 20,000 பிளாப்பிகள் பல நாடுகளுக்குத் தபாலில் போயின. அதைப் போட்டவர்களின் கம்ப்யூட்டர் 90 தடவை ஆன் ஆகும்வரை சாதுவாக இருக்கும். அப்புறம் ஃபைல்களின் பெயர்களைக் குலைத்துவிட்டு, பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லும். ஃபைலைப் பிணையாக வைத்துப் பணம் கேட்கும் 'ரேன்சம்வேர்' தொழிலுக்கு இதுதான் பிள்ளையார் சுழி.

அடுத்து 1992. மார்ச் 6, சிற்பி மைக்கலாஞ்சலோவின் பிறந்தநாளன்று டிஸ்க்கை அழிக்கும் வைரஸ் ஒன்று வரப்போகிறது என்று பத்திரிகைகள் அலறின. 50 லட்சம் கம்ப்யூட்டர்கள் வரை பாதிக்கப்படலாம் என்றார் ஜான் மெக்காஃபி. அவர் ஆன்டிவைரஸ் விற்பவர்! நாள் வந்தது, போனது. பாதிக்கப்பட்டவை 10,000 முதல் 20,000 வரை என்றுதான் கணக்கிட்டார்கள். வைரஸ் பொய் இல்லை, எண்ணிக்கைதான் ஊதப்பட்டது. ஆன்டிவைரஸ் வியாபாரமோ அமோகம்.

காதல் கடிதமும் 60 விநாடியும்

2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு ஈமெயில் கிளம்பியது. யாருக்குத்தான் திறக்காமல் இருக்க மனசு வரும்? திறந்தவர்களின் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அதே கடிதம் போயிற்று. எழுதிய ஓனல் டி குஸ்மான் மணிலாவில் ஒரு கம்ப்யூட்டர் கல்லூரி மாணவர். அவரைத் தண்டிக்க அப்போது அந்த நாட்டில் சட்டமே இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. அடுத்த மாதமே அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள்.

இந்தியாவிலும் அதே 2000-ல் அக்டோபர் 17 முதல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 43-ஆம் பிரிவு வைரஸ் என்றால் என்ன என்று விளக்கும்போது, கம்ப்யூட்டரை அழிப்பதோடு அதன் செயல்திறனைக் குறைப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஆக, நம் மாமாக்கள் சொல்வதற்குச் சட்டத்திலேயே ஓர் ஆதாரம் இருக்கிறது :-)

2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, 2000 வைத்திருந்தவர்கள் நெட்டில் இணைந்தாலே போதும், எதையும் கிளிக் பண்ணவேண்டாம். 60 விநாடியில் மெஷின் அணையப்போகிறது என்று திரையில் கவுண்ட் டவுன் ஓடும். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே கொடுத்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். 2017 மே மாத 'வான்னாக்ரை' கதையும் இதேதான். அதற்கான அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்திருந்தது.

சத்தம் போடாத திருடன்

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொண்டவை. 2007 வாக்கில் காற்று திசை மாறியது. அப்போது தெரியவந்த 'ஜியஸ்' போன்றவை பேங்க் பாஸ்வேர்டைத் திருடுபவை. அதற்கு உங்கள் கம்ப்யூட்டர் நன்றாக ஓடவேண்டும்! மெதுவானால் நீங்கள் சந்தேகப்படுவீர்கள், ஃபார்மேட் பண்ணிவிடுவீர்கள், அவனுக்கு வருமானம் போய்விடும். மோரிஸ் செய்த தவறை இந்தத் திருடர்கள் செய்யவில்லை.

அப்படியானால் 'மெதுவானால் வைரஸ்' என்ற பழைய பயம் என்ன ஆயிற்று? அதையும் ஒரு கூட்டம் காசாக்கியது. இணையப் பக்கத்தில் திடீரென்று ஒரு பெட்டி வரும். "உங்கள் கம்ப்யூட்டரில் ஏகப்பட்ட வைரஸ்" என்று பொய்யாக ஸ்கேன் செய்து காட்டும். சரிசெய்ய 39.95 டாலர் அல்லது அதற்கு மேல் கட்டச் சொல்லும். 'வின்ஃபிக்சர்', 'எக்ஸ்பி ஆன்டிவைரஸ்' எல்லாம் இந்த ரகம். பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் ஏமாந்ததாக 2008 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2012-ல் 16.3 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இல்லாத நோய்க்கு மருந்து விற்றே இவ்வளவு பணம்!

இன்னொரு திருப்பம் 2017-ல். 'காயின்ஹைவ்' என்ற நிரலை இணையப் பக்கத்தில் செருகினால், பக்கத்தைப் பார்க்க வருகிறவரின் பிராசஸரைப் பயன்படுத்தி மொனேரோ என்ற டிஜிட்டல் நாணயம் தயாரிக்கலாம். பார்ப்பவருக்கே தெரியாமல் பலர் இப்படிச் செய்தார்கள். 2019 மார்ச்சில் அந்தச் சேவை மூடப்பட்டாலும் அந்த வகைத் திருட்டு ஒழியவில்லை. இங்கே திருடப்படுவதே உங்கள் கம்ப்யூட்டரின் வேகம். ஆகவே மெதுவாவது மறுபடியும் ஓர் அறிகுறி ஆகிவிட்டது.

அப்போ என்னதான் செய்வது?

இந்த வரலாற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். மெதுவாக ஓடினால் வைரஸ் என்று முடிவுகட்டக் கூடாது. வேகமாக ஓடினால் வைரஸ் இல்லை என்றும் நிம்மதியாக இருக்கக் கூடாது. வேகம் என்பது வைரஸின் குணம் இல்லை. அதை எழுதியவனுக்கு என்ன தேவையோ அதைப் பொறுத்தது.

மெதுவானால் நான் இப்போது பார்க்கும் வரிசை:

1. முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு ஒரு டிஸ்க்கில் காப்பி எடுப்பது. காரணம் வைரஸோ, சாகப்போகும் ஹார்ட் டிஸ்க்கோ, இரண்டுக்குமே இதுதான் முதல் வேலை.

2. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது நிரம்பி வழிகிறது என்று பார்ப்பது. மெமரி நிரம்பியிருந்தால் திறந்து வைத்த புரோகிராம்கள் அதிகம், அல்லது ரேம் போதவில்லை. நாம் எதுவும் செய்யாமலே டிஸ்க் எப்போதும் 100 சதவீதத்தில் நின்றால் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சோதிக்கவேண்டும். பிரவுசரை மூடியும் பிராசஸர் ஓயவில்லை என்றால், பெயர் தெரியாத ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்கலாம்.

3. ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாததை நிறுத்துவது. சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது.

4. அதன்பிறகு ஸ்கேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலுமே டிஃபெண்டர் கூடவே வருகிறது. திடீரென்று முளைக்கும் பெட்டி சொல்லும் எதையும் டவுன்லோடு செய்யவே கூடாது.

5. அப்டேட். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, அதையும் கவனியுங்கள்.

6. ஃபார்மேட் கடைசி. அதுவும் காப்பி எடுத்ததைத் திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகு.

ஒன்றாம் எண்ணை நான் முன்பே செய்திருந்தால் அப்பாவின் கணக்கு பிழைத்திருக்கும். சர்வீஸ் கடைக்காரர் மீது கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் பத்து நிமிஷத்தில் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கவேண்டியவன் நான்தானே. காமர்ஸ் படிக்கிற பையன் வீட்டில் லெட்ஜருக்கு நகல் இல்லை என்பதைவிடக் கேவலம் உண்டா?

இப்போது புது டிஸ்க் போட்டாயிற்று. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கணக்கைக் காப்பி எடுப்பது என் வேலை. அப்பா மட்டும் அந்த நோட்டை விடவில்லை. இன்றைக்கும் பாக்கியை முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் என்னிடம் டைப் அடிக்கத் தருகிறார். "இதுக்கு வைரஸ் வராதுடா" என்று சொல்லிச் சிரிக்கிறார். பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

சரி, அசைன்மெண்ட் கூப்பிடுகிறது. நீங்கள் கடைசியாகக் காப்பி எடுத்தது எப்போது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். மீண்டும் சந்திப்போம்.