எலி ரத்தமும் 96 குழிகளும்

எலைசான்னு சொன்னதும் நம்மில் பலருக்கு எய்ட்ஸ் பரிசோதனைதான் ஞாபகம் வரும். ஆனா மருந்து ஆராய்ச்சி நடக்கற ஆய்வகங்கள்ல அது தினசரி சமாச்சாரம். வெள்ளை எலியோட ரத்தத்துல ஒரு குறிப்பிட்ட என்சைம் எவ்வளவு இருக்குன்னு பார்க்கணுமா? அதுக்குன்னே கிட் விக்கறாங்க. உள்ளே 96 குழி போட்ட பிளாஸ்டிக் தட்டு, சில குப்பிகள், ஒரு கையேடு. இதோட பூர்வீகம் கொஞ்சம் வலிக்கிற கதை.

1950கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை. ரோசலின் யாலோ இயற்பியல் படிச்சவர். சாலமன் பெர்சன் டாக்டர். ரெண்டு பேரும் கதிரியக்க அயோடின் ஒட்டின இன்சுலினை நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தாங்க. ஏற்கனவே இன்சுலின் ஊசி போட்டுக்கிட்டவங்க ரத்தத்துல அது சீக்கிரம் மறையலை. அப்போ இன்சுலின் மாடு, பன்றிகிட்டேருந்துதான் வரும். உடம்பு அதை அந்நியனா (விக்ரம் இல்லீங்க!) நினைச்சு, ஆன்டிபாடி உண்டாக்கிப் பிடிச்சு வெச்சிருக்குன்னு எழுதினாங்க.

இவ்வளவு சின்ன புரதத்துக்கு ஆன்டிபாடி உருவாகாதுங்கறது அன்றைய பெரியவங்க நம்பிக்கை. சயின்ஸ் இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிடுச்சு. இன்னொரு இதழும் முதலில் மறுத்தது. தலைப்புலேர்ந்து 'ஆன்டிபாடி'ங்கற வார்த்தையை எடுத்த பிறகுதான் 1956ல் அச்சேறியது.

அந்தப் பிடிப்பையே அளவுகோலா மாத்தினாங்க பாருங்க, அங்கதான் நிக்கறாங்க. பஸ் சீட்டுன்னு வெச்சுக்குங்க. ஆன்டிபாடி கொஞ்சம்தான், அதாவது சீட் கம்மி. கதிரியக்க இன்சுலினும் ரத்தத்துல இருக்கற இன்சுலினும் போட்டி போட்டு உட்காரும். ரத்தத்துல நிறைய இருந்தா, கதிரியக்க ஆளுங்களுக்கு சீட் கிடைக்காது. உட்கார்ந்தவங்களை எண்ணினா விடை வந்துடும். இதுக்கு இவங்க பேட்டன்ட்டும் வாங்கலை. நம்ம பாஷையில ஓப்பன் சோர்ஸ் :-)

1971ல் ஸ்வீடனின் ஏவா எங்வால், பீட்டர் பெர்ல்மனும், தனியாக நெதர்லாந்தின் ஆர்கனான் கம்பெனியில் ஷூர்ஸ், வான் வீமனும் கதிரியக்கத்துக்குப் பதிலா என்சைமை ஒட்டினாங்க. நிறம் மாறுவதை வெச்சு அளவு தெரியும். ஆர்கனான்காரங்க பயன்படுத்தின என்சைம், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காரமான வேரிலிருந்து வந்தது. இன்னிக்கும் பல கிட்ல அதுதான். ஆக, எலியோட என்சைமை அளக்க ஒரு கிழங்கோட என்சைம்!

ஏன் எலிக்குன்னு தனி கிட்? மனுஷப் புரதத்துக்காகச் செஞ்ச ஆன்டிபாடி, எலியோட புரதத்தை அடையாளம் காணாமப் போகலாம். தவிர, கால் கிலோ எலிக்கு மொத்த ரத்தமே சுமார் 16 மில்லிதான். சில சொட்டுல வேலை முடிஞ்சா, எலியைக் கொல்லாம திரும்பத் திரும்பப் பார்க்க முடியும்.

ஒண்ணை மறக்கக்கூடாது. இந்த கிட் என்சைம் எவ்வளவு இருக்குன்னுதான் சொல்லும், அது வேலை செய்யுதான்னு சொல்லாது. ஆபீஸ்ல தலை எண்ற மாதிரி. எத்தனை பேர் வேலை பார்க்கறாங்கன்னு அதுல தெரியாதில்ல? செயல்பாட்டை அறிய வேற சோதனை வேணும்.

பெர்சன் 1972ல் இறந்துட்டார். 1977ல் யாலோவுக்கு நோபல் பரிசில் பாதி வந்தது. இறந்தவங்களுக்கு நோபல் கிடையாது. தன் ஆய்வகத்துக்கு யாலோ பெர்சன் பேரையே வெச்சிருந்தார், கட்டுரைகள்ல அந்தப் பேரும் வரணும்னு. நோபல் உரையில், அன்னைக்கு வந்த நிராகரிப்புக் கடிதத்தையும் எல்லாருக்கும் காட்டினார்.

நீங்களா இருந்தா அந்தக் கடிதத்தை இருபது வருஷம் பத்திரமா வெச்சிருப்பீங்களா?