நம் வட்டைக்கு வந்த துவக்கு



கட்டுத்துவக்குப் பேச்சு ஊரில் மறுபடியும் கிளம்பியிருக்கிறது. வேளாண்மைக்குள் பன்றி இறங்குகிறது, யானையும் இறங்குகிறது. லைசன்ஸ் எடுத்து நல்ல சொட்கன் வாங்கக் கையில் காசில்லை. குறைந்த காசுக்கு ஒன்றைச் செய்து கட்டிவிட்டால் என்ன என்று தேத்தண்ணிக் கடையில் இளவட்டங்கள் பேசுவது நம் எல்லோர் காதிலும் விழுந்ததுதான். ஏசி எழுத நாங்கள் வரவில்லை. ஏழை கைக்கு எட்டும் இந்த மலிவுத் துவக்கு நம் நாட்டுக்கு எப்படி வந்தது, யார் செய்தார்கள், யாரிடமிருந்து எப்போது பறித்தார்கள் என்று கொஞ்சம் சரித்திரம் சொல்லலாம் என்று நினைத்தோம். பதிவு நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் சொல்லைப் பாருங்கள். தமிழ்நாட்டார் துப்பாக்கி என்கிறார்கள், நாம் துவக்கு என்கிறோம், சிங்களத்தில் துவக்குவ. மூன்றுக்கும் வேர் ஒன்று. துருக்கியில் துஃபெக், பாரசீகத்தில் துஃபங். ஆதியில் அது ஊதுகுழலின் பெயர். குழாய்க்குள் மணியை வைத்து ஊதிக் குருவி அடிக்கும் அந்தக் குழல். போர்த்துக்கேயர்தான் இங்கு துவக்கைக் கொண்டுவந்தார்கள் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அவர்கள் விட்டுப்போன கதிரையும் மேசையும் அலுமாரியும் சப்பாத்தும் இன்றைக்கும் நம் வாயில் இருக்கின்றன. ஆனால் துவக்குக்கு அவர்கள் சொன்ன எஸ்பிங்கார்தா என்ற பெயர் இங்கு ஒட்டவேயில்லை. பொருளை ஒருவன் காட்டியிருக்கலாம், பெயரையும் பழக்கத்தையும் கொண்டுவந்தவர்கள் இந்து சமுத்திரத்தில் ஏற்கெனவே ஓடித் திரிந்தவர்கள் என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

1505இல் கொழும்பில் இறங்கிய வெள்ளையரைப் பற்றிக் கோட்டை அரசனுக்குப் போன செய்தியை ராஜாவலிய என்ற சிங்கள நூல் சொல்கிறது. இரும்புச் சட்டை போட்ட அந்த மனிதரை விட, இடி மாதிரி முழங்கிய அவர்களின் குண்டுதான் பார்த்தவர்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. பயம் நெடுநாள் நிற்கவில்லை. சீதாவாக்கை அரசன் மாயாதுன்னை போர்த்துக்கேயரை எதிர்க்கக் கோழிக்கோட்டுச் சாமூத்திரியிடம் உதவி கேட்டான். வந்தவர்கள் மலபார்க் கரை முஸ்லிம்கள், குஞ்ஞாலி மரக்காயர்களின் ஆட்கள். துவக்கும் பீரங்கியும் பழகிய கடற்படை அது. 1538இல் இராமநாதபுரக் கரையில் வேதாளை என்ற இடத்தில் அந்தப் படையைப் போர்த்துக்கேயர் முறியடித்தார்கள். அடுத்த ஆண்டு சமாதானம் பேசும்போது மாயாதுன்னை கொடுத்த விலையில் ஒன்று, தனக்கு உதவ வந்த மரக்காயர் தலைவர்களின் தலைகள். துவக்கோடு உதவிக்கு வந்தவனைக் காரியம் முடிந்ததும் என்ன செய்வார்கள் என்பதை இந்தத் தீவு அன்றே காட்டிவிட்டது. இதைப் பிறகும் நினைவில் வைத்திருங்கள்.

தியோகோ தோ கூட்டோ என்று ஒரு போர்த்துக்கேயச் சரித்திரக்காரர் இருந்தார். தாங்கள் வந்தபோது இலங்கையில் துவக்கே கிடையாது, ஓயாத சண்டையில் பழகி இப்போது கிழக்கில் மிகச் சிறந்த துவக்குகளை இவர்கள் செய்கிறார்கள் என்ற கருத்தில் அவர் எழுதியிருக்கிறார். எதிரி சொன்ன புகழ்ச்சி என்பதால் நம்பலாம். இதில் ஆச்சரியப்படவும் பெரிதாக ஒன்றுமில்லை. இந்தத் தீவின் கொல்லர்களுக்கு இரும்பு புதிதல்ல. சமனலவெவப் பக்கத்தில் மலைச்சரிவுகளில் காற்று வீசும் முகத்தில் உலை கட்டி உருக்கு எடுத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப் உருக்குக்கு இடம் உண்டு. நம் பிள்ளைகளுக்குச் சரந்தீப் என்றால் ஆதம் மலை மட்டும்தான் தெரியும்.

கண்டிக் கொல்லன் செய்த துவக்கை ஒருதரம் பார்த்தால் மறக்காது. விசைப் பொறியை உலகத்தில் அநேகமாக எல்லோரும் வலப்பக்கம் வைக்க, இவன் இடப்பக்கம் வைத்தான். தோளில் வைக்கும் அடிக்கட்டை இரண்டாகப் பிரிந்து சுருண்டு நிற்கும். ஒல்லாந்தர் 1765இல் கண்டி மாளிகையைக் கொள்ளையடித்துக் கொண்டுபோன லெவ்கே திசாவையின் பீரங்கி, 2023 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து திரும்பி வந்தது தெரியும்தானே. அதோடு இரண்டு பெரிய துவக்குகளும் வந்தன. கொழும்பு நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் அவற்றைத் தேடிக் காட்டுங்கள். கொடித்துவக்கு என்ற சிங்களக் குடும்பப் பெயரும் அந்தக் கால மன்னர் படையின் ஒரு பிரிவிலிருந்து வந்ததுதான்.

துவக்கு இருந்தால் போதாது, மருந்து வேண்டும். வெடியுப்பு நம் மலைக்குகைகளில் கிடைத்தது. கந்தகம் இந்த மண்ணில் இல்லை, கடல் தாண்டித்தான் வரவேண்டும். கரையிலிருந்து மலைக்கு உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிப்போனவை தவளம் மாடுகள். கண்டி அரசில் பொதிமாட்டுக்கென்றே மடிகே என ஒரு பிரிவு இருந்தது, அதில் நம் ஆட்கள் நிறையப் பேர். ஒல்லாந்தர் துறைமுகங்களை மூடி மூடி நெருக்கிய காலத்தில், உப்பு மூட்டைக்கு நடுவில் கந்தகமும் போயிருக்காது என்று யாரால் சொல்ல முடியும்? 1626இல் போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து விரட்டிய முஸ்லிம்களைச் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று படிக்கிறோம். இரக்கம் ஒரு காரணம். வணிக வழியும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஊவா கிளர்ச்சியை 1818இல் அடக்கிய பிறகு கிராமத்தாரிடமிருந்து துவக்குகளைப் பிடுங்கினார்கள். ஆயுதத்தை அரசு ஊராரிடமிருந்து எடுப்பது அதிலிருந்து ஒவ்வொரு தலைமுறையிலும் நடக்கிறது.

பிடுங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. பதுளைப் பக்கத்தில் இருந்த மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து மௌத்தானார். அரசாங்கமே யானைத் தலைக்குக் காசு கொடுத்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் 3500 யானைக்கு மேல், தென் மாகாணத்தில் 1851 தொடக்கம் 1856 வரை 2000 யானை என்று எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். அதே டெனன்ட்தான் நம் பணிக்கர்மாரைப் பற்றியும் வியந்து எழுதினார். ஏறாவூரின் யானை பிடிகாரர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கையில் துவக்கு இல்லை, தோல் வார்க்கயிறு மட்டும். யானையின் பின்னங்காலில் சுருக்குப் போட்டு மரத்தில் கட்டிவிடுவார்கள். யானையின் குணத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள், துரைமார் அதன் நெற்றியை மட்டும் அறிந்திருந்தார்கள்.

இதே காலத்தில் பர்மிங்காமிலும் பெல்ஜியத்தின் லியேஜிலும் குடியேற்ற நாடுகளுக்கென்று மலிவுத் துவக்கு செய்து குவித்தார்கள். நம் கொல்லன் ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் கப்பலில் நூறு வந்து இறங்கும். கொல்லன் செய்பவனாக இருந்தது போய்த் திருத்துபவனானான். பிறகு அதுவும் போயிற்று. 1916இன் 33ஆம் இலக்கத் துவக்குச் சட்டம், வைத்திருக்கவும் விற்கவும் மட்டுமன்றிச் செய்யவும் திருத்தவும்கூட லைசன்ஸ் வேண்டும் என்றது. 1915 கலவரத்துக்கு அடுத்த ஆண்டு அது. அந்தக் கலவரம்தான் காரணம் என்று நாங்கள் அடித்துச் சொல்லவில்லை, ஆண்டை மட்டும் கவனியுங்கள். ஒரு நூற்றாண்டு கழித்தும் அடிப்படைச் சட்டம் அதுதான். 1996இல் தண்டனையைக் கடுமையாக்கினார்கள்.

நம் மூத்தவாப்பாமார் காலத்து ஒற்றைக்குழல் துவக்கு இந்தச் சட்டத்துக்குள் வாழ்ந்த துவக்கு. போடியார் வீட்டில் ஒன்று இருக்கும். கச்சேரியில் வருஷாவருஷம் லைசன்ஸ் புதுப்பிப்பார்கள். ஒரு வட்டைக்கே அந்த ஒன்றுதான். காவல்பரணில் தூக்கிவைத்து இரவில் ஒரு வெடி வானத்துக்கு வைத்தால் பன்றி இரண்டு நாள் அந்தப் பக்கம் வராது. தோட்டா விலையை நினைத்தே பாதி நாள் தகரத்தைத் தட்டி விரட்டுவார்கள். கருமருந்துத் துவக்கென்றால் சுட்ட அன்றே கழுவ வேண்டும், மருந்துக் கரி ஈரத்தை இழுத்துக் குழலைத் துரு தின்றுவிடும். சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்து, எண்ணெய்த் துணி ஓட்டி, பிள்ளைகள் கை எட்டாத வளையில் மாட்டுவார்கள். மலிவுத் துவக்கை முப்பது நாற்பது வருஷம் ஓட்டியது இந்தப் பராமரிப்புத்தான்.

அந்த வளையிலிருந்து துவக்கு ஒவ்வொன்றாக இறங்கிப்போன கதை நமக்குக் கிட்டத்துக் கதை. 1971 ஏப்ரல் 5ஆம் திகதி பொலிஸ் நிலையங்களைத் தாக்கிய ஜே.வி.பி. இளைஞர் கையில் இருந்தவை பெரும்பாலும் சொட்கன்களும் கைக்குண்டுகளும். ஊர்க் கொல்லையில் செய்த துவக்கைச் சிங்களத்தில் கல்கட்டஸ் என்பார்கள், 1987 தொடக்கம் 1989 வரையான பயங்கர காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே தெற்கில் நடுக்கம். வீடு வீடாகப் போய் லைசன்ஸ் துவக்குகளைப் பறித்துக்கொண்டும் போனார்கள். வடக்கு கிழக்கில் இயக்கங்களும் அதையே செய்தன. பன்றிக்கு வாங்கிய துவக்கு மனிதனுக்குப் போயிற்று.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷா தொழுகையில் காத்தான்குடியின் இரண்டு பள்ளிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். சில நாளில் ஏறாவூர். அதன் பிறகு நம் ஊர்களில் ஊர்காவல் படை வந்தது, சொட்கன் வந்தது. அதை எடுத்தவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. இரவில் ஊர் கண்ணயர ஒரு சிலர் விழித்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒற்றைக்குழல் சொட்கனை வைத்துக்கொண்டு தானியங்கித் துவக்கோடு வருகிறவன் முன்னால் நிற்கச் சொன்னார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மாயாதுன்னையின் கதையை நினைவில் வைக்கச் சொன்னோமே, அது இதற்காகத்தான். பக்கத்து ஊரோடு முகம் திரும்பியதும் அந்தக் காலத்தில்தான். அந்த முகங்கள் முழுதாகத் திரும்பி வர இன்னும் காலம் எடுக்கிறது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் ஞாபகம். வாளையும் பெரிய கத்தியையும் கையளிக்கச் சொன்னார்கள், குர்பானிக் கத்தியை எங்கே வைப்பதென்று உம்மாமார் தடுமாறினார்கள். 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்குக் கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்கென்று பாதுகாப்பு அமைச்சு திருப்பிக் கேட்டது. இப்படிப்பட்ட நாட்டில் நம் ஊர்த் தோட்டத்திலிருந்து கள்ளத் துவக்கொன்று பிடிபட்டால், அது பன்றிக்கு வைத்தது என்று எந்தத் தொலைக்காட்சியும் சொல்லாது.

கட்டுத்துவக்கு, சிங்களத்தில் பந்தின துவக்கு. இரண்டு மொழியிலும் ஒரே பொருள், கட்டி வைக்கும் துவக்கு. வழியில் வருவது பன்றியா மனுஷனா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. பன்றியின் உயரத்துக்கு வைப்பதால் மனிதனுக்குக் காலில்தான் படும். சுபஹுக்கு முன்னால் வட்டைக்குத் தண்ணீர் திருப்பப் போகிறவன், விறகுக்குப் போகிறவள், மாடு தேடிப் போகிற பொடியன், இவர்களின் கால். யானைக்குப் பட்டால் அது உடனே சாவதில்லை. சீழ்வைத்த காலோடு வாரக்கணக்கில் திரிந்து கண்டவனை அடிக்கும். 2019 தொடக்கம் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் 300க்கு மேற்பட்ட யானைகள் இந்த நாட்டில் செத்திருக்கின்றன. சூடும், ஹக்கபட்டாஸும், கள்ள மின்சாரமும் முக்கிய காரணங்கள். பள்ளிக்குள் அம்பு கொண்டுவருகிறவர் யாருக்கும் படாமல் அதன் முனையைக் கையால் பிடித்துக்கொள்ளட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதைக் குத்பாவில் கேட்டிருக்கிறோம். கட்டுத்துவக்கின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் இல்லை.

அப்படியென்றால் வேளாண்மையை யார் காப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு போகம் போனால் கடன், கடன் போனால் நகை. கல்கமுவப் பக்கத்தில் விவசாயிகளே சேர்ந்து வயலைச் சுற்றிப் போகத்துக்கு மட்டும் மின்வேலி போடுகிறார்கள், அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். இது முறையாகப் போடும் வேலி, ஆளைக் கொல்லாது. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் கொடுக்கும் கொலைவேலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கமக்காரர் அமைப்பில் வட்டவிதானைமார் கூடும்போது இதை ஒருதரம் பேசிப் பார்க்கலாம். பழைய பரண்காவல் முறையை வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்துத் திரும்பத் தொடங்கலாம். சொட்கனே வேண்டும் என்றால் அமைப்பின் கடிதத்தோடு கச்சேரிக்குப் போங்கள். அலைச்சல்தான், தெரியும்.

இன்னொரு விடயம். மௌத்தான மூத்தவர்களின் துவக்கு சில வீடுகளில் அப்படியே கிடக்கிறது. லைசன்ஸ் ஆளுக்குரியது, காணி உறுதி மாதிரி பிள்ளைக்கு இறங்காது. பொலிஸிலோ கச்சேரியிலோ விசாரித்து ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். தனியே போகத் தயக்கம் என்றால் பள்ளி நிருவாகத்தில் ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

துவக்கு போனாலும் பழைய லைசன்ஸ் புத்தகம், கச்சேரிக் கடிதம், பரணோடு எடுத்த படம் என்று ஏதாவது பெட்டிக்குள் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், தரம் 10 பிள்ளைகளின் ஊர்ச் சரித்திரச் செயற்திட்டத்துக்குத் தேடிக்கொண்டிருக்கிறோம்.