பழைய டர்பைனும் புட்வல் பட்டறையும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, "ஹாஸ்டல் மெஸ் கதை மட்டும் வேண்டாம்ப்பா, அது ஏற்கெனவே நாலைந்து வந்தாச்சு" என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே, மெஸ் சாம்பாரை விட்டுவிட்டு ஒரு சரித்திரம் சொல்கிறேன்.

நம் ஹைட்ராலிக்ஸ் லேபின் மூலையில் நின்ற பெல்டன் வீலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதியவர்களில் நானும் ஒருவன். அதே பெல்டன் வீலை நிஜமாக ஓடும் இடத்தில் பார்க்கும் பாக்கியம், வேலை நிமித்தம் நேபாளம் போனபோதுதான் கிடைத்தது. கோரக்பூரில் இறங்கி, சுனௌலி எல்லையைத் தாண்டினால், சமவெளி முடிந்து மலை எழும்பும் இடத்தில் புட்வல் என்ற ஊர் வருகிறது. அங்கே ஒரு பட்டறையில் டர்பைன் ரன்னர் ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆற்று மணல் அரித்து, அதன் விளிம்புகள் எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தன. வெல்டிங் செய்துகொண்டிருந்த பெரியவரை எல்லோரும் "தாய், தாய்" என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேபாளியில் அது அண்ணனைக் குறிக்கும் சொல்லாம்!

"இந்த ஊரில் இவ்வளவு பெரிய வேலையை யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டேன். "நார்வேக்காரர்கள், சர்ச்சிலிருந்து வந்தவர்கள்" என்றார். உண்மையைச் சொன்னால், எனக்கு உடனே சந்தேகம்தான் வந்தது. மிஷனரி என்றால் பைபிளும் மருந்துப் பெட்டியும்தானே, ஜெனரேட்டருக்கு என்ன சம்பந்தம்? அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்ததுதான் கீழே வருவது.

நேபாளம் வெளியாருக்குக் கதவு திறந்தது 1951-க்குப் பிறகுதான். 1954-ல் பல நாட்டுச் சபைகளின் மிஷன்கள் சேர்ந்து ஐக்கிய நேபாள மிஷன் என்ற அமைப்பைத் தொடங்கின. அரசு போட்ட நிபந்தனை கண்டிப்பானது. ஆஸ்பத்திரி கட்டலாம், பள்ளி நடத்தலாம். மதம் மாற்றக் கூடாது. அங்கே மதமாற்றமே சட்டப்படி குற்றம். அப்படியானால் ஊரில் காணிக்கை போடுகிறவர்களுக்கு என்ன கணக்குச் சொல்வது? ஞானஸ்நானம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று எழுதியனுப்ப முடியாது. அப்படியும் பணம் வந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அந்தப் பணம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். நார்வேயில் மிஷன் சங்கம் என்பது பெரும்பாலும் பெண்கள் கூட்டம். யாராவது ஒருவர் வீட்டில் கூடி, காபி குடித்துக்கொண்டே கையுறையும் காலுறையும் பின்னுவார்கள். அதை சர்ச் விற்பனையிலும் குலுக்கலிலும் போட்டுக் காசாக்குவார்கள். திபெத்துக்குப் போக வேண்டும் என்று 1938-ல் தொடங்கிய ஒரு நார்வே மிஷனுக்குத் திபெத்தின் கதவு திறக்கவே இல்லை. அந்த மிஷன் நேபாளத்துக்கு அனுப்பிய ஆள்தான் ஒட் ஹோஃப்துன் என்ற எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். 1958-ல் மனைவியோடு வந்தவருக்குக் கிடைத்த முதல் வேலை தான்சேன் மலையூரில் ஆஸ்பத்திரி கட்டுவது. அப்போது புட்வலிலிருந்து மேலே போக மோட்டார் ரோடு இல்லை. சாமான்கள் நெற்றிப் பட்டையில் மாட்டிய கூடையில், கூலியாட்கள் முதுகில் ஏறின.

அங்கேதான் அவருக்கு ஒன்று புரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கட்டடத்தை எழுப்பிவிடலாம், அதில் குழாய் ரிப்பேர் பார்க்க ஆள் வேண்டாமா? 1963-ல் புட்வலில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கினார். நம் மாதிரி தியரி படித்துவிட்டு லேபுக்குப் போகிற கதை இல்லை. பையன்கள் முதல் நாளிலிருந்தே பட்டறையில் நிஜ ஆர்டருக்கு வேலை செய்து, அதிலேயே கற்றார்கள். பட்டறைக்கு மின்சாரம் வேண்டுமே! பக்கத்தில் தினாவ் ஆறு ஓடியது. 1965-ல் புட்வல் மின் கம்பெனி பிறந்தது. வெளியிலிருந்து கான்ட்ராக்டரைக் கொண்டுவந்தால் சுரங்கம் சீக்கிரம் முடிந்திருக்கும். அவர்கள் உள்ளூர் ஆட்களை வைத்தே, கற்றுக்கொடுத்துக்கொண்டே குடைந்தார்கள். 1970-ல் கிடைத்தது வெறும் 50 கிலோவாட். 1 மெகாவாட் ஆக 1978 ஆயிற்று. 1981 வெள்ளத்தில் அதுவும் அடிபட்டு, திரும்பச் சரிசெய்ய வேண்டி வந்தது. நம் புராஜெக்ட் மேனேஜர்கள் இதைப் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்கள். ஆனால் அந்தச் சுரங்கத்தில் பழகிய ஆட்களை வைத்து ஒரு கட்டுமானக் கம்பெனி 1978-ல் எழுந்தது. 1985-ல் டர்பைன் பழுது பார்க்கவும் மதகு, குழாய் செய்யவும் இன்னொன்று. நான் பார்த்த வெல்டிங் வேலை அந்தப் பரம்பரைதான்.

அடுத்தது ஆந்தி கோலா. 5.1 மெகாவாட், 1991-ல் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய 250 மீட்டர் செங்குத்தாகப் பாறையைக் குடைந்து தண்ணீரைக் கீழே விட்டார்கள். அங்கே பொருத்திய பெல்டன் எந்திரங்கள், நார்வேயில் பல பத்தாண்டுகள் ஓடி ஓய்வுபெற்றவை. "ஏழை நாட்டுக்குக் காயலான் கடைச் சரக்கா?" என்று எனக்கும் சுருக்கென்றது. ஆனால் பெல்டன் வீல் கனத்த இரும்பு. தேய்ந்த பக்கெட்டை மாற்றலாம், பேரிங்கைப் புதுசாகப் போடலாம். மாற்றத் தெரிந்த கை உள்ளூரில் இருந்தால் பழையது பழையதல்ல. அந்தக் கை புட்வலில் இருந்தது. 2015-ல் நிலையத்தை 9.4 மெகாவாட்டாகப் பெரிதாக்கும்வரை அவை உழைத்தன. அங்கேயே பாசனத் திட்டமும் நடந்தது. வாய்க்கால் வெட்டியவருக்கெல்லாம் தண்ணீரில் பங்கு. நிலம் இல்லாதவருக்கும் உண்டு. நம் ஊரில் இப்படி ஒன்றைப் பேசிப் பாருங்கள், தெரியும்.

எல்லாம் காபியும் கையுறையும் போட்ட காசு என்று நான் கதை விட மாட்டேன். பெரிய திட்டங்களுக்கு நார்வே அரசின் உதவி நிதி வந்தது. பெரிதாக ஆக, மிஷன் வாசனையும் குறைந்தது. 1994-ல் ஜிம்ருக், 12 மெகாவாட். 2000-ல் கிம்தி, 60 மெகாவாட். அதில் மின்சாரத்துக்கு டாலர் கணக்கில் விலை பேசப்பட்டது. நேபாள ரூபாயில் கட்டணம் வாங்கும் மின்வாரியம் டாலரில் கொடுத்தால் என்னாகும் என்பதற்கு இன்ஜினியர் தேவையில்லை. இதைப்பற்றி அங்கே காரசாரமான விவாதம் நடந்தது. புட்வல் மின் கம்பெனியே 2003-ல் தனியார் கைக்குப் போயிற்று. காலுறை பின்னியவர்கள் இதற்காகவா பின்னினார்கள் என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

ஹோஃப்துன் குடும்பத்துக்கு நேபாளம் வேறு விலையும் வைத்தது. 1992 செப்டம்பர் 28 அன்று காத்மாண்டு அருகே மலையில் மோதிய பாகிஸ்தான் விமானத்தில் இறந்த 167 பேரில் அவர்களுடைய மகன் மார்ட்டினும் ஒருவர். நேபாள அரசியலை ஆராய்ந்துகொண்டிருந்த இளைஞர். காத்மாண்டில் ஒரு விவாத மன்றம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

பட்டறைக்குத் திரும்புகிறேன். அரித்த ரன்னர் பற்றிப் பெரியவர் விளக்கினார். மழைக்காலத்தில் ஆறு கொண்டுவருவது படிகக்கல் மணல், எஃகைச் சீவிவிடும். வெல்டிங்கில் உலோகம் ஏற்றி, அச்சு வைத்துப் பார்த்து, பழைய வளைவுக்குத் தீட்ட வேண்டும். "நீங்க என்ன படிச்சீங்க?" என்று இந்தியில் கேட்டார். மெக்கானிக்கல், நாலு வருஷம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. கண்ணாடியை மாட்டிவிட்டு, கையில் கிரைண்டரைக் கொடுத்துவிட்டார். பத்து நிமிஷம் வேர்க்க விறுவிறுக்கத் தீட்டினேன். "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லி டீக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது, நான் தீட்டிய இடத்தை மட்டும் அவர் மறுபடி தீட்டிக்கொண்டிருந்தார்.